யாருடைய கை

பந்தில் கை பட்டதை இஞ்ஞாசி தம் கண்ணால் பார்த்தார். விசிலும் ஊதிவிட்டார்.

யாருடைய கை என்பதுதான் தெரியவில்லை.

ஆத்தூர் கோலுக்கு முன்னால் ஏழெட்டுப் பேர் ஒரே நேரத்தில் எம்பினார்கள். நடுவிலிருந்து ஒரு கை உயர்ந்து பந்தைத் தட்டியது. அது ஆத்தூர்ப் பையனின் கை என்றால் சாணார்பட்டிக்குப் பெனால்டி. சாணார்பட்டிப் பையனின் கை என்றால் ஆத்தூருக்கு ஃப்ரீ கிக். திருவிழாக் கோப்பையின் இறுதி ஆட்டம். முடிய நான்கு நிமிடம்தான் இருந்தது. இரண்டு பக்கமும் கோல் இல்லை.

"ரெஃப்ரி, அவன் கைதேன்" என்று இரண்டு அணியும் ஒன்றையொன்று கைகாட்டின.

இஞ்ஞாசி விசிலை வாயிலிருந்து எடுக்காமலே நின்றார்.

போன வருஷம்வரை இந்தத் தொல்லை இல்லை. ஆத்தூருக்கு வெள்ளைச் சட்டை, சாணார்பட்டிக்குக் கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட சட்டை. இந்த வருஷம் இரண்டு அணியும் டிவியில் பார்க்கும் வெளிநாட்டுக் கிளப்புகளின் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து நின்றன. ஆத்தூர் சிவப்பு, சாணார்பட்டி பச்சை. அதையும் மனைவி அல்போன்சா சொல்லித்தான் அவருக்குத் தெரியும்.

சிவப்பும் பச்சையும் அவர் கண்ணுக்கு ஒரே அழுக்கு நிறம். பிறவியிலேயே அப்படி. கல்யாணமான புதிதில் தக்காளிக் காயைப் பழமென்று ஒரு கூடை வாங்கிவந்து அல்போன்சாவிடம் மாட்டிக்கொண்டார். அவளைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

எண்பத்தாறில் பங்குச் சாமியார் வீட்டுக் கறுப்பு வெள்ளை டிவியில் உலகக் கோப்பை பார்த்தபோது ஊரோடு சேர்ந்து அவரும் கத்தினார். கலர் டிவி வந்த பிறகுதான் வினை. எந்த ஆள் எந்த அணி என்று புரியாமல், எல்லாரும் குதித்து முடித்த பிறகு எழுந்து நின்று கேலிக்கு ஆளானார். டிவியில் பார்ப்பதெல்லாம் ஒரு ஆட்டமா என்று சொல்லிவிட்டு மைதானத்துக்கு வந்துவிட்டார். ஊர் அதைக் கொள்கை என்று எடுத்துக்கொண்டது. கேபிள் வந்து மைதானம் காலியான பிறகும் உள்ளூர்ப் பந்தை விடாத மனிதர் என்று மேடையேற்றிப் பொன்னாடைகூடப் போர்த்தினார்கள். இஞ்ஞாசியும் வாங்கிக்கொண்டார். வேறென்ன செய்ய?

இருபத்தெட்டு வருஷமாக விசில் அவர் கையில். சட்டையில் சிக்கல் இருக்கும் ஆட்டம் என்றால் முதல் நாளே அவருக்குக் காய்ச்சல் வந்துவிடும். இந்தச் சட்டைகள் இன்று மத்தியானம்தான் பார்சலில் வந்து இறங்கின. காய்ச்சல் வர நேரமில்லை.

விஷயம் வெளியே தெரிந்தால் இருபத்தெட்டு வருஷத்தில் தோற்ற அணியெல்லாம் கிளம்பி, நத்தம் ரோட்டில் அவருடைய பஞ்சர் கடை வாசலுக்கு வந்துவிடும். எந்தத் தோல்வி நியாயமான தோல்வி என்று கேட்கும். அந்தப் பயத்தில் மத்தியானம் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

அல்போன்சாதான் வழி சொன்னாள். "பந்து கடைசியா ஆத்தூரான் மேல பட்டா குடை என் வலது கையில. சாணார்பட்டியான்னா இடது கையில. நீங்க என்னைய மட்டும் பாருங்க, மத்ததை நான் பாத்துக்கிறேன்."

இதுவரை பிசகில்லை. எல்லைக்கோட்டருகே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, வெயிலுக்குப் பிடிப்பதுபோல் குடையை அவள் கை மாற்றிக்கொண்டே இருந்தாள். த்ரோ, கார்னர் எல்லாம் சரியாகப் போயின. ஒருவரும் முணுமுணுக்கவில்லை.

ஆனால் இது த்ரோ இல்லை, கோப்பை. லைன்ஸ்மேன் ரோஹித்தைக் கேட்கலாம் என்றால், அவன் கொடியை அக்குளில் இடுக்கிக்கொண்டு போனில் வேறெங்கோ நடக்கும் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அல்போன்சாவை நம்பலாம். யார் ஜெயித்தால் அவளுக்கென்ன? வந்திருந்த நாற்பது பேரில் பாதிப் பேருக்கே ஆட்டத்தில் கண்ணில்லை. ஒரு காலத்தில் ஆத்தூர் தோற்ற அன்று ஆத்தூரில் உலை வைக்கமாட்டார்கள். இப்போது பையன்கள் அழுவதெல்லாம் லண்டனுக்கும் மாட்ரிட்டுக்கும்தான். ஆத்தூர், சாணார்பட்டி என்று உயிரை விடுகிறவர்கள் இனி யார் இருக்கிறார்கள்?

இஞ்ஞாசி வியர்வையைத் துடைப்பதுபோல் திரும்பி அவளைப் பார்த்தார்.

குடை வலது கையில் இருந்தது. நன்றாகத் தெரியட்டும் என்று உயர்த்தியே பிடித்திருந்தாள். கொஞ்சமும் யோசித்த மாதிரி இல்லை.

அவருக்கு உயிர் வந்தது. ஆத்தூர்ப் பையனின் கை, பெனால்டி என்று புள்ளியைக் காட்டினார்.

ஆத்தூர் கேப்டன் ஆனந்த்ராஜ் ஓடிவந்து அவர் முன்னால் மண்டியிட்டான். அம்மா மேல் சத்தியம் என்றான், அந்தோனியார் மேல் சத்தியம் என்றான். அரையிறுதியில் தன் அணி செய்த தப்பைத் தானே வந்து ஒப்புக்கொண்ட பையன் அவன். ஆனால் காட்டிய கையை இறக்க முடியாது.

சாணார்பட்டிப் பையன் உதைத்தான். பந்து வலைக்குள் போனது.

நாற்பது பேரின் கைதட்டல் எம்புட்டுக் கேட்கும்? அதையும் அமுக்கிக்கொண்டு ஒரே ஒரு குலவைச் சத்தம் எழுந்தது.

திரும்பிப் பார்த்தார். குடை தரையில் கிடந்தது. அல்போன்சா நாற்காலி மேல் ஏறி நின்றிருந்தாள்.

தான் பெண் எடுத்த ஊர் சாணார்பட்டி என்பது அப்போதுதான் இஞ்ஞாசிக்கு உறைத்தது.