அந்த அம்மாவை வரச் சொல்லுங்க

"கூப்பிட்டீங்க, வந்துட்டேன். ஆனா முதல்ல நான்தான் பேசுவேன்."

பள்ளியின் ஆலோசனை அறைக்குள் நுழைந்தவள் உட்காரக்கூட இல்லை. கைப்பையை மேசைமேல் பொத்தென்று வைத்தாள். கழுத்தில் ஆபீஸ் அடையாள அட்டை. தலைமுடியில் ஹெட்போன் அழுத்திய தடம். செல்போன் கம்பெனி ஒன்றில் வாடிக்கையாளர்களின் புகார்களைக் கேட்கும் வேலை. பாதி ஷிப்டில் கெஞ்சி அனுமதி வாங்கி வந்த எரிச்சல் முகத்தில் அப்படியே இருந்தது.

எதிரே பள்ளியின் மனநல ஆலோசகர். சுவரோரமாக, பதினோராம் வகுப்பு படிக்கும் மகள் தலைகுனிந்து நின்றிருந்தாள்.

"உட்காருங்க மேடம். உங்களை எதுக்கு வரச் சொன்னோம்னா..."

"தெரியும். மார்க் குறைஞ்சிடுச்சுன்னு சொல்லப் போறீங்க. குறையாம என்ன செய்யும்? கூடப் படிக்கிறவங்க மனசு ஒடிஞ்சு கிடந்தா எப்படிக் கண்டுபிடிக்கணும், எப்படிப் பேச்சுக் குடுக்கணும்னு பசங்களுக்குப் பயிற்சி குடுத்தீங்களே, அந்த வேலைதான் இது. எம்பொண்ணை எதுக்கு அதுல இழுத்து விட்டீங்க?"

"பெரியவங்களுக்கும் அதே பயிற்சி நடத்தினோம் மேடம். உங்களுக்கும் மெசேஜ் வந்திருக்கும்."

"வந்துச்சு. விடிஞ்சு வேலைக்குப் போனா ஊர்ல இருக்கிறவன் வசவெல்லாம் என் காதுலதான் விழுது. நெட்வொர்க் இல்லேன்னா என்னையத்தான் திருடிங்கறான். வீட்டுக்கு வந்தா ஒரு வார்த்தை கேக்க எனக்குத் தெம்பு கிடையாது. இதுல காது குடுக்கிறது எப்படின்னு எனக்கு வகுப்பா?"

"அம்மா, கொஞ்சம் இரும்மா..."

"நீ வாயை மூடு."

மகள் மூடிக்கொண்டாள்.

"அவங்க அப்பா லாரியோட கிளம்பினா எப்ப வருவார்னு அவருக்கே தெரியாது. ராத்திரிச் சாப்பாடு ஒண்ணுதான் நானும் பிள்ளைங்களும் சேர்ந்து உக்கார்ற நேரம். அப்பவும் இவ மேசைக்கு அடியில போனை வச்சு டைப் பண்ணிட்டே இருக்கா. தம்பி ஒருத்தன் எதிர்ல உக்காந்திருக்கானேன்னு கூட நினைப்பில்ல. நேத்து போனைப் பிடுங்கப் போனேன். அழுதுக்கிட்டே சொல்றா, ஒரு பையனுக்கு மனசு சரியில்லையாம், இவகிட்ட மட்டும்தான் பேசுவானாம். யாருடி அவன்னா வாயே திறக்கல."

"நாங்க கூப்பிட்டதும் அந்தப் பையன் விஷயமாத்தான்."

"அப்போ நல்லாக் கேட்டுக்கங்க. அவன் சரியா சாப்பிடறதில்லையாம், தூங்கறதில்லையாம், பாத்ரூம்ல குழாயைத் திறந்து விட்டுட்டு அழறானாம். வாழவே பிடிக்கலைன்னு வேற சொல்லியிருக்கான். நாளைக்கு ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா, இந்தச் சின்னப் பொண்ணு அதை எங்க கொண்டு போய் வைப்பா? யோசிச்சீங்களா நீங்க?"

அவள் குரல் முதல் முறையாகத் தடுமாறியது. மேசையில் இருந்த தண்ணீர் டம்ளரை ஆலோசகர் அவள் பக்கம் நகர்த்தினார். அவள் தொடவில்லை.

"நீங்க கேக்கறது நியாயம்" என்றார் ஆலோசகர். "தனியாச் சுமக்கக் கூடாதுன்னுதான் சொல்லிக் குடுத்திருக்கோம். இப்படி ஒரு பேச்சு வந்தா உடனே ஒரு பெரியவங்ககிட்ட சொல்லணும். உங்க பொண்ணு இன்னிக்குக் காலையில அதைத்தான் செஞ்சா. அவன்கிட்டயும் சொல்லிட்டுத்தான் வந்தா."

"உங்ககிட்ட வந்து சொல்லத் தெரியுது." மகள் பக்கம் திரும்பினாள். "ஏன்டி, என்கிட்ட முதல்லயே சொல்றதுக்கு என்ன?"

"சொல்ல வந்தேன்மா. தலை வலிக்குது, எதுவா இருந்தாலும் அப்புறம்னு சொன்னே."

"அப்புறம் வந்து சொல்ல வேண்டியதுதானே."

"வந்தேன்மா."

அவள் கோபத்துக்கு எங்கே போவதென்று தெரியவில்லை. பிறகு வழி கிடைத்துவிட்டது.

"சரி, நான் பாவிதான். ஆனா அவனுக்கும் பெத்தவ ஒருத்தி இருப்பாளே, அவ என்ன பண்றா? தட்டுல வச்சது அப்படியே இருக்கிறது அவ கண்ணுல படாதா? குழாய்ச் சத்தத்துக்கும் அழுகைச் சத்தத்துக்கும் வித்தியாசம் தெரியாத ஒருத்தி எதுக்குப் பிள்ளை பெத்தா? அவ பிள்ளைக்கு எம்பொண்ணு அம்மா வேலை பார்க்கணுமா? நம்பரைக் குடுங்க மேடம். நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேக்கறேன்."

"நம்பர் வேண்டாம். அந்த அம்மாவைத்தான் இன்னிக்கு வரச் சொல்லியிருந்தோம்" என்றார் ஆலோசகர் மெதுவாக.

"நல்லதாப் போச்சு." நாற்காலியை இழுத்து, வாசலைப் பார்த்துப் போட்டு, அப்போதுதான் உட்கார்ந்தாள். "வரட்டும். வேலை போனாலும் பரவாயில்ல, அவ மூஞ்சியைப் பார்க்காம நான் நகரமாட்டேன்."

ஆலோசகர் மகளைப் பார்த்தார். நான் சொல்லட்டுமா என்று கேட்பதுபோல் இருந்தது அந்தப் பார்வை. மகள் வேண்டாமென்று தலையசைத்துவிட்டு அம்மாவின் அருகே வந்து, தரையில் மண்டியிட்டு, அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள்.

"அவங்க வந்துட்டாங்கம்மா" என்றாள். "தம்பிதாம்மா அந்தப் பையன்."