நாற்பத்தொன்றாம் டோக்கன்

ஒரு கண் ஆஸ்பத்திரியில் இரண்டு கம்ப்யூட்டர்கள் இருந்தன. அண்ணன் டோக்கன் கொடுக்கும். அண்ணன் படுத்துவிட்டால் அந்த இடத்தில் உட்கார வேண்டியது தம்பி. அதற்காக அண்ணன் செய்வதையெல்லாம் எழுத்துப்பிழை உட்பட அப்படியே காப்பியடிக்கும்.

நாற்பது டோக்கன் ஆனதும் தம்பிக்கு அலுத்துவிட்டது.

"நீ தும்மினா நானும் தும்மணுமா அண்ணே? வந்தவங்க பேரை மட்டும் சொல்லு. மத்ததை நான் பாத்துக்கறேன்."

"சரிடா ராசா, இனிமே பேரு மட்டும்தான்" என்றது அண்ணன்.

தம்பி பெயர்களை அகர வரிசையில் அடுக்கியது, ஊர் வாரியாகப் பிரித்தது, தன் அழகைத் தானே மெச்சிக்கொண்டது.

எண்பத்து மூன்றாவது பெயரைச் சொல்லிவிட்டு அண்ணன் பொசுக்கென்று அணைந்துபோனது. தம்பி கடைசியாகக் காப்பியடித்த நம்பர் நாற்பது. அடுத்து வந்த அம்மாளிடம் கம்பீரமாகச் சீட்டை நீட்டியது: நாற்பத்தொன்று.

காலையிலிருந்து அதே நம்பரோடு உட்கார்ந்திருந்த பெரியவர் கைத்தடியோடு எழுந்தார். கூடம் முழுக்கச் சண்டை.

"அண்ணே, நம்பரைச் சொல்லவே இல்லையே!" என்று அலறியது தம்பி.

அணைந்து கிடந்த அண்ணனின் பச்சை விளக்கு மெல்ல எரிந்தது.

"நீ பேரை மட்டும்தானேடா கேட்ட?" என்றது. மறுபடியும் அணைந்துபோனது.