ஜெபக் குறிப்பு

1918இல் விஷ ஜுரம் பரவியதும் செகந்திராபாத்தில் பலருக்கு வேலை போயிற்று. வேலை இல்லாதவர்களுக்குத் தேவாலயத்தில் வாரம் இரண்டு படி அரிசி கொடுத்தார்கள்.

"இந்த வாரமாவது வேலை தேடினீரா, ரூஃபஸ்?" என்றார் உபதேசியார்.

"தினமும் ரயில் பட்டறை வாசலுக்குப் போறேன், ஐயா."

பொய்யில்லை. ஆனாலும் அரிசியை வாங்கும்போது கை கூசியது.

அந்த அரிசியிலேயே கஞ்சி காய்ச்சி மெட்டுகுடாவில் ஒரு வீட்டுக்கு எடுத்துப்போனான். பட்டறையில் ஃபிட்டராக இருந்த ஜெயகரன் ஒன்பது நாளாக ஜுரத்தில் நினைவில்லாமல் கிடந்தான். சொந்தக்காரர்கள்கூட எட்டிப் பார்க்காத வீடு. ரூஃபஸ் மட்டும் ஒருநாள்கூடத் தவறாமல் வந்தான். கட்டிலருகே நின்று ஜெயகரனின் மூச்சையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஜெயகரனின் மனைவி ஞானசௌந்தரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"கூடப் பிறந்தவன்கூட இப்படிச் செய்யமாட்டான், தம்பி. உங்களுக்குச் சீக்கிரம் வேலை கிடைக்கணும்னு நானும் பிள்ளைங்களும் தினம் முழங்கால் போட்டு ஜெபிக்கிறோம்."

ரூஃபஸ் பதறிப்போனான். "நக்கோ அக்கா! அந்த ஜெபம் மட்டும் வேண்டாம்!"

"கைக்கு, தம்பி? ஏன் வேண்டாம்?"

தூக்குவாளியை எடுத்துக்கொண்டு வெளியேறினான்.

பட்டறை வாசலில் மேஸ்திரி பெருமாள் வழக்கம்போலக் கேட்டார்:

"பார்த்துட்டு வந்தியா? ஜெயகரன் இன்னும் இழுத்துக்கிட்டுத்தான் இருக்கானா? அவன் போயிட்டா அந்த இடம் உனக்குத்தான்னு துரைகிட்ட சொல்லி வெச்சிருக்கேன்."

"எழுந்து உட்கார்ந்துட்டான், மேஸ்திரி" என்றான் ரூஃபஸ். "திங்கக்கிழமை வேலைக்கு வந்துடுவான்."

சொன்ன பிறகுதான், அது பொய்யாகிவிடக் கூடாதே என்று முதல் தடவையாக அவனுக்குப் பயம் வந்தது.