கிரகித்தல் பயிற்சி

ஆசிரியர் வேலைக்கான பரீட்சைக்கு, பத்தியை வாசித்து விடை சொல்லும் கிரகித்தல் பயிற்சி செய்துகொண்டிருந்த கௌசல்யா, கணவன் யோகேஸ்வரனுக்குப் புத்தகத்தைப் பார்த்து வாசித்தாள்.

“‘நீ வேலைக்குப் போய்க் கஷ்டப்பட வேண்டாம், நான் இருக்கிறேன்’ என்றான் கணவன். அவன் அப்படிச் சொன்னதற்குக் காரணம் என்ன?”

“பாசந்தான். வேற என்னா?”

“இல்லீங்க, பயம். பொண்டாட்டி டீச்சராகிட்டா தன்னய மதிக்க மாட்டாளோங்கிற பயம்.”

“சே, என்னா மனுசன் அவன்!” யோகேஸ்வரன் சிரித்தான்.

அவள் தேத்தண்ணி ஊற்ற எழுந்து போனதும், விடையைச் சரிபார்க்க, அவள் விரித்து வைத்திருந்த புத்தகத்தை எடுத்தான்.

பக்கம் முழுவதும் மண்சரிவைப் பற்றித்தான் எழுதியிருந்தது. அதில் கணவனும் இல்லை, மனைவியும் இல்லை.

அந்த வார்த்தைகளை நேற்று அவளிடம் சொன்னது அவன்தான். வெட்கத்தில் அவன் முகம் சிறுத்துப்போனது.

தேத்தண்ணியோடு வந்தவளை அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை.

“பரீட்சைக்கு நுவரெலியாவுக்கு நானே ஒன்னய கூட்டிட்டுப் போறேன்” என்றான்.