பிரிஜ்ஜுக்குள் இரண்டு கோப்பை

“இஞ்சாருங்க, பிரிஜ்ஜுக்குள்ள மீனுக்குப் பக்கத்துல ரெண்டு இரும்புக் கோப்பை கிடக்கே, அது பொரிக்கவா, குழம்பு வைக்கவா?”

குசினியில் இருந்து மேனுகா கேட்டாள். முற்றத்தில் பச்சைச் சைக்கிளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த அவள் கணவர், பள்ளிக்கூட வாத்தியார் உதயரூபன் சேர், பதறிப்போனார்.

“அதத் தொடாத. ஹாண்டிலுக்குக் கீழ குழாய்க்குள்ள போடுற கோப்பை. குளிர்ல இரும்பு சுருங்கும், மறுகா லேசா உள்ள போகும். யூடியூப்ல ஒருத்தன் காட்டினவன்.”

“பாவா காக்காட கடைக்குக் கொண்டு போனா அரை மணித்தியால வேலை.”

“அங்க நான் போகமாட்டன்.”

அதற்குக் காரணம் இருந்தது. போன மாதம் சேர் தன் சைக்கிள் பிறேக்கைத் தானே கழற்றிப் பூட்டினார். அது பிடிக்கவில்லை. கல்லடிப் பாலத்தடியில் சைக்கிள் கடை வைத்திருக்கும் முகைதீன்பாவாவிடம் கொண்டுபோனார். பாவா குனிந்து பார்த்துவிட்டு, “இத ஆரு சேர் செஞ்ச?” என்று கேட்டார். கடையில் நின்ற நாலு பேரும் சிரித்தார்கள். “மருமகன்” என்று சொல்லிவிட்டு, பாவாவைக் கை வைக்கவும் விடாமல் சேர் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டார். அவருக்கு மருமகனே கிடையாது. அன்றிலிருந்து காலைத் தரையில் தேய்த்துத்தான் சைக்கிளை நிறுத்தினார்.

இப்போது ஹாண்டில் இறுகிவிட்டது. நேற்று பள்ளிக்கூடத்தில் நடந்த இரத்ததான முகாமுக்குப் போய் வரும்போது வந்த வினை.

“முதல்ல ரத்தம் குடுத்த தலைச்சுத்து எண்டுதான் நினைச்சன். மறுகா பாத்தா, வளைவுல சைக்கிள் கிறுகாம மதிலுக்கு நேரப் போகுது,” என்றார் சேர். “இந்த ஒரு வேலையையாவது ஒழுங்காச் செய்து, நாளைக்குக் காலையில பாவாட கடை வாசல்ல ஒரு வட்டம் அடிக்கணும்.”

“செய்ய ஏலாட்டி?”

“ஏலாட்டி ஸ்பனரும் குறடும் கிடக்கிற இந்த ஆயுதப் பெட்டிய நீயே பழைய இரும்புக்காரனுக்குக் குடு.”

மேனுகாவுக்கு வாயெல்லாம் பல். அவர் திருத்திய மின்விசிறி இன்னும் சுவருக்குத்தான் காற்று அடித்துக்கொண்டிருந்தது.

சைக்கிளை மாற்றவும் சேருக்கு மனமில்லை. சுனாமிக்குப் பிறகு நிவாரணத்தில் கிடைத்தது. அப்போது கல்லடியில் இருந்து காத்தான்குடி வரை வீட்டுக்கொரு பச்சைச் சைக்கிள் கொடுத்தார்கள். இருபது வருசத்தில் முக்கால்வாசிப் பேர் தூக்கிப்போட்டுவிட்டார்கள். இதை யார் எடுக்கப்போகிறார்கள் என்று சேர் பூட்டுவதுகூட இல்லை.

“என்ட மரக்கறி வெட்டுற பலகை எங்க?”

பலகை இரண்டு துண்டாகி, நடுவில் ஓட்டையோடு சேரின் கையில் இருந்தது. சீலிங் அடித்து மிஞ்சிய மரை போட்ட கம்பியைக் குழாய்க்குள் விட்டு, மேலும் கீழும் குளிர்ந்த கோப்பைகளை வைத்து, பலகைத் துண்டுகளால் மூடி, இரண்டு பக்கமும் நட்டைப் பூட்டி இறுக்கினார். கோப்பைகள் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போயின.

“சீட்டும் உயந்து கிடக்கு, கால் எட்டுதில்ல. அம்பது தாண்டினா மனுசன் கட்டையாகிறது உண்மைதான் போல,” என்றார் இறுக்கிக்கொண்டே. “ஆனா பிறேக் நேற்றையில இருந்து நல்லாப் பிடிக்குது. என்ட வேலை ஊறுகாய் மாதிரி, ஒரு மாசம் போனாத்தான் பதம் வரும்.”

கிறீஸ் பூசி, கோப்பைக்குள் உருளும் இரும்புக் குண்டுகளை அடுக்கி, எல்லாவற்றையும் பூட்டி முடிக்கப் பின்னேரம் நாலு மணி. முன் சில்லைத் தூக்கிப் பிடித்தார். ஹாண்டில் தன்பாட்டில் இடமும் வலமும் திரும்பியது. சேர் மேனுகாவைக் கூப்பிட்டார்.

மேனுகாவும் திருப்பிப் பார்த்தாள். “மெய்யாவே கிறுகுது,” என்றாள். கலியாணம் கட்டி இருபத்தாறு வருசத்தில் அவள் கொடுத்த முதல் சான்றிதழ்.

“சேர் இரிக்கிங்களா?”

படலையைத் திறந்துகொண்டு முகைதீன்பாவா நின்றார். முழங்காலில் பெரிய பிளாஸ்டர். ஏன் வந்தார் என்று சேர் கேட்கவே இல்லை. கடவுளே அனுப்பிவைத்த ஆளாக நினைத்து, சைக்கிளை அவர் முன்னால் உருட்டி நிறுத்தினார்.

பாவா ஹாண்டிலைத் திருப்பினார். முன் சில்லைத் தூக்கிப் போட்டுச் சத்தம் கேட்டார். ஒரு முறைக்கு இரண்டு முறை குனிந்து பார்த்தார்.

“இத ஆரு சேர் செஞ்ச?”

“நான்தான் காக்கா.” இந்தப் பதிலைச் சொல்லச் சேர் ஒரு மாதம் காத்திருந்தார்.

“நான் செஞ்சாலும் இப்பிடித்தான் செஞ்சிரிப்பன்.”

மேனுகா ஆயுதப் பெட்டியைத் தானே எடுத்து உள்ளே வைத்தாள். மூன்று பேருக்கும் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்தாள்.

குடித்து முடித்த பாவா நொண்டி நொண்டி வெளியே போய், வேலியில் சாத்தியிருந்த இன்னொரு பச்சைச் சைக்கிளை உருட்டி வந்து சேரின் கையில் கொடுத்தார்.

“நேத்து ரெத்தம் குடுத்த இடத்துல நம்மட சைக்கிள் ரெண்டும் மாறிட்டு சேர். ஊரார்ட சைக்கிள் செய்யிறதுல, இறுகிக் கிடந்த என்ட ஹாண்டிலப் பாக்க எனக்கு மூணு வருசமா நேரமில்ல, அத நீங்க செஞ்சி தந்திட்டீங்க. இது உங்கடதான் எண்டு பாலத்து இறக்கத்துல பிறேக்கப் பிடிச்சதும் விளங்கிட்டு,” என்றவர், முழங்காலைத் தடவிக்கொண்டு சொன்னார்: “உங்கட மருமகன்ட மட்டும் சொல்லிவைங்க சேர், இனிப் பிறேக்குல கை வைக்க வேணாமெண்டு.”