வெட்டிச் சாய்த்த பப்பாளி

மதில் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று பப்பாளித் துண்டைக் கடித்தபடியே மூத்த ஓரகத்தி சிரித்தாள்.

“மூணு வருஷமா உன் பப்பாளி மரம் பூத்துக் கொட்டுதே, ஒரு காய் உண்டாடி? உன் புருஷன் மாதிரியே தண்டம். வெட்டித் தொலை!”

வேலையில்லாத புருஷன் உள்ளேதான் இருந்தான். இளையவள் அன்றே மரத்தை வெட்டிச் சாய்த்தாள்.

அடுத்த பருவத்தில் மூத்தவளின் மரத்தில் பூவெல்லாம் உதிர்ந்தது.

“என்ன நோய்னே தெரியலடி. மருந்தடிச்சும் பிஞ்சு நிக்கல.”

“நோயெல்லாம் இல்லக்கா. நான் வெட்டுனது ஆண் மரம். அதோட மகரந்தத்துலதான் உங்க மரம் காய்ச்சுது. இந்தத் தெருவுல வேற ஆண் மரம் கிடையாது.”

“அடிப்பாவி! தெரிஞ்சேவா வெட்டின?”

“அவர் தடுத்தாருக்கா. ‘அண்ணி ஆசையா சாப்பிடுறாங்க, வெட்டாதே’ன்னு கெஞ்சினாரு. நான்தான் கேக்கல.”