பூனைக்கு வாசித்த வயலின்

“பூனை அடிவாங்குறதைப் பார்க்கிறதெல்லாம் ஒரு வேலையா?”

“அதுவாவது அடிவாங்கிட்டு சும்மா இருக்கு. நீ மேல போ தாயே!”

பழைய கார்ட்டூன்களின் சிம்பொனி இசையில் இரைச்சலை நீக்கிச் சுத்தம் செய்வது கணவரின் தொழில். மனைவி கோபமாக மாடிப்படி ஏறினாள். திரையில் பூனை தூங்கியது. ஆனாலும் அவள் வைத்த ஒவ்வொரு அடிக்கும் வயலின்கள் ஒரு சுரம் ஏறின. படத்தை நிறுத்தினார். இசை நிற்கவில்லை.

இந்தப் படங்களில் இசைதான் முதலில் தயாராகும். அதற்கேற்பத்தான் பூனையை விழவைப்பார்கள். அது அவருக்குத் தெரியும்.

வயலின்கள் உச்சிக்குப் போய், சர்ரென்று சறுக்கி, தடாலென்று முரசில் முடிந்தன. அவள் இன்னும் விழவில்லை; மேல்படியில்தான் நின்றாள்.

“என்னங்க சத்தம்?”

“ஒண்ணுமில்ல. சீக்கிரம் இறங்கி வா” என்றார்.

அந்த இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? மறைக்காமல் கமெண்டில் எழுதுங்கள்.